சத்துக் குளிசையோடு சேர்ந்த குளிசை: மட்டக்களப்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு மாவட்டத்தில் எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை கொடுக்கும் ஒரு கிளினிக்கில் மருந்தாளராக வேலை செய்கிறேன். வைத்தியர் எழுதுவதை எண்ணிக் கொடுப்பதும், எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுப்பதும் என் வேலை. கீழே வரும் நிகழ்வில் இரண்டாவது வேலையை நான் அரைகுறையாகத்தான் செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட தாயின் சம்மதம் இருக்கிறது. அடையாளம் தெரியக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அந்தத் தாய்க்கு அப்போது முப்பது வயது ஆகவில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்துக் கிராமம். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணம் முடிந்த பிறகும் தாய்வீட்டு வளவில்தான் குடியிருப்பு. கணவர், மூத்த பிள்ளை, அவருடைய தாய் எல்லோரும் ஒரே வளவு. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த மெடிக்கலில் கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. பிறகு இவருக்கும் பார்த்தோம், இருந்தது. பிள்ளைக்கு இல்லை. இருவரும் எங்களிடம் வரத் தொடங்கி மூன்று வருடங்கள் ஆகியிருந்தன.

மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வாவியைத் தாண்டுவது பெரிய வேலையில்லை. முன்பென்றால் பாதைக்கு, அதாவது ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கு, காத்து நிற்கவேண்டும், பாதையில் தெரிந்த முகம் நாலு நிற்கும். 'எங்க புள்ள போறா?' என்ற கேள்விக்குப் பயந்தே கிளினிக் வராமல் விட்டவர்களைப் பற்றி மூத்த ஊழியர்கள் சொல்வார்கள். இந்தத் தம்பதி மோட்டார் சைக்கிளில் வந்து, ஒரு மணித்தியாலத்தில் திரும்பிப் போய்விடுவார்கள். வீட்டில் பெண்ணின் தாய்க்கு எதுவும் தெரியாது.

இருவருக்கும் ஒரே மருந்து. ஒரு குளிசைக்குள் மூன்று: டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50. நாளுக்கு ஒன்று. ஆறு மாதத்துக்குள் இருவரின் இரத்தத்திலும் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது. அதற்குப் பிறகுதான், வைத்தியரோடு கதைத்து, இரண்டாவது பிள்ளைக்கு முடிவெடுத்தார்கள். பன்னிரண்டாவது வாரத்தில் எடுத்த பரிசோதனையிலும் வைரஸ் கண்டறியப்படவில்லை.

அந்தக் குளிசை என்ன செய்கிறது

நடந்தது விளங்கவேண்டுமென்றால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவில் வைத்திருக்கிறது. நம் கலத்துக்குள் புகுந்ததும் அதை டி.என்.ஏ.யாக மாற்றி, நம் டி.என்.ஏ.க்குள் செருகி, பிறகு புதிய வைரஸ்களுக்கான புரதங்களைச் செய்வித்து வெட்டிச் சீராக்கவேண்டும். இந்த மூன்று வேலைக்கும் மூன்று நொதியங்களைத் தன்னோடு கொண்டுவருகிறது. மாற்றி எழுதுவது ரிவேர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், செருகுவது இன்டெகிரேஸ், வெட்டுவது புரோட்டியேஸ்.

ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ. எழுதும் நொதியம் ஒன்று இருக்கிறது என்பதை 1970இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1975இல் நோபல் பரிசு பெற்றவர்களில் இருவரும் இருந்தார்கள். எச்.ஐ.வி.க்கு எதிராக முதலில் வந்த ஆயுதமும் அந்த நொதியத்தைக் குறிவைத்ததுதான்: 1964இல் புற்றுநோய்க்காகச் செய்து, பிரயோசனமில்லை என்று மூலையில் போட்ட ஏ.ஸீ.டி., 1987இல் அமெரிக்காவில் எச்.ஐ.வி. மருந்தாக அங்கீகாரம் பெற்றது. டெனோஃபோவிரும் லமிவுடினும் அதே வழி. இவற்றை நோயாளிகளுக்கு விளக்க நான் உதயதேவி ரயிலைப் பிடித்துக்கொள்வேன். பெட்டிக்குப் பின்னால் பெட்டி கொளுவினால்தான் ரயில் நீளும். இந்த மருந்துகள் முன்பக்கம் மட்டும் கொளுக்கி உள்ள பெட்டிகள். நொதியம் ஏமாந்து அதைக் கொளுவிவிடும். அதற்குப் பின்னால் இன்னொன்றைக் கொளுவ இடமில்லை. ரயில் அங்கேயே முடிந்துவிடும்.

டொலுடெக்ராவிரின் வேலை வேறு. அது இன்டெகிரேஸைப் பிடிக்கிறது. இந்த நொதியம் முதலில் வைரஸின் டி.என்.ஏ. முனைகளில் இரண்டு எழுத்துகளை நறுக்கிவிட்டு, அந்த முனைகளை நம் டி.என்.ஏ.யோடு தைக்கும். இரண்டுக்குமே அதற்கு இரண்டு மக்னீசியம் அயன்கள் வேண்டும். மருந்து மூலக்கூறில் வரிசையாக மூன்று ஒட்சிசன் அணுக்கள் இருக்கின்றன. அவை நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல அந்த இரண்டு மக்னீசியத்தையும் கவ்விக்கொள்கின்றன. நறுக்கிய முனை தைக்கப்படாமல் நிற்கும். இரசாயனத்தில் இந்தப் பிடிக்குக் கொடுக்கிணைப்பு என்றுதான் பெயர். 'கீலேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேரும் நண்டின் கொடுக்கைத்தான் குறிக்கிறது. எங்கள் வாவி நண்டைச் சமைக்கும்போது விரலைக் கொடுத்தவர்களுக்கு அந்தப் பிடியை விளக்கத் தேவையில்லை.

புரோட்டியேஸை மறிக்கும் மருந்துகள் 1995இலிருந்து இருக்கின்றன. இந்தத் தாயின் குளிசையில் அந்த வகை இல்லை, ஆகவே அதை விடுவோம்.

முப்பதாவது வாரம்

இருபத்தெட்டாவது வாரத்தில் எடுத்த இரத்தம் கொழும்புக்குப் போய், முப்பதாவது வாரத்தில் முடிவு வந்தது. ஒரு மில்லிலீற்றரில் வைரஸின் 780 பிரதிகள்.

பெரிய எண்ணிக்கை இல்லை. சிகிச்சை இல்லாத ஒருவரில் இது இலட்சக்கணக்கில் போகலாம். ஆனால் இவர் கர்ப்பிணி, பிரசவத்துக்குப் பத்து வாரமும் இல்லை. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. வைரஸ் முற்றாக அடங்கியிருந்தால் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே போகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்திருந்தது. அந்தச் சான்றும் எங்கள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

எங்கள் பிழை

எங்களுக்கு முதலில் வந்த எண்ணம்: குளிசையை விட்டுவிட்டார். பத்தில் ஒன்பது தடவை அதுதான் காரணம் என்பது எங்கள் நினைப்பு. அன்றைக்கே கூப்பிட்டோம். போத்தலோடு வந்தார். எண்ணிப் பார்த்தேன். இருக்கவேண்டிய குளிசைகள் சரியாக இருந்தன. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். 'சில பேர் வர முதல் எண்ணிக் கொட்டிப்போட்டு வாறவ தங்கச்சி' என்று நான் சொன்னேன். வாய்தவறி வரவில்லை, யோசித்துத்தான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நான் ஒரு நாளும் விடல்ல மிஸ். இந்தப் புள்ளைக்காக விடுவனா?"

வாந்தி கேட்டோம், மூன்றாம் மாதத்தோடு நின்றுவிட்டது. வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்ற கேள்வி எங்கள் படிவத்திலேயே இருக்கிறது. கேட்டோம். 'இல்ல' என்றார். படிவத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பன்னிரண்டாவது வாரத்திலும் அதே கையெழுத்தில் அதே 'இல்லை' இருந்தது. ஆய்வுகூடத் தவறாகவோ தற்காலிக ஏற்றமாகவோ இருக்கலாம் என்று இன்னொரு மாதிரி எடுத்து அனுப்பினோம். அதன் முடிவு பிறகு வந்தது: 910.

கணவருக்கும் அன்றே எடுத்திருந்தோம். அவருக்குக் கண்டறியப்படவில்லை. ஒரே தொகுதி மருந்து, ஒரே வீடு. ஆகவே மருந்தின் தரத்தில் பிழை இருக்க இடம் குறைவு.

பை

வைத்தியருக்கு நான் கேட்ட விதம் பிடிக்கவில்லை. அடுத்த கிழமை அவரைத் திரும்ப வரச்சொன்னார். இந்த முறை கேள்வி வேறு. 'காலையிலிருந்து படுக்கும் வரைக்கும் வாயில போடுற எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக்கொண்டு வாங்கோ.'

பூப்போட்ட சீத்தைத் துணியில் தைத்த, கயிறு இழுக்கும் சின்னப் பை ஒன்று வந்தது. அவரே தைத்தது. மேசையில் கவிழ்த்தார். கர்ப்பிணி கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்துக் குளிசை, விற்றமின் சி, கல்சியம். ஒரு பாமசியில் வாங்கிய நெஞ்செரிவுத் தண்ணி மருந்து, பாதி போத்தல். கடைசியாக, லேபலை உரித்து எடுத்த எங்கள் போத்தல்.

'இதெல்லாம் மருந்தெண்டு நீங்க சொல்லல்லயே' என்றேன்.

"இது சத்துக் குளிசதானே மிஸ். மருந்தா?"

அவர் பொய் சொல்லவில்லை. நோய்க்கு எடுப்பது மருந்து, பிள்ளைக்கு எடுப்பது சத்து. எங்கள் தாய்மார் அப்படித்தான் சொல்வார்கள், நானும் வீட்டில் அப்படித்தான் சொல்வேன். படிவத்தில் இருந்த சொல்தான் பிழை.

மற்ற விபரம் மெதுவாக வந்தது. கர்ப்பத்துக்கு முன் எங்கள் போத்தல் தையல் மெசின் லாச்சிக்குள் நூல்கட்டைகளுக்கு அடியில் இருந்தது. தாய் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்து, தானும் சாப்பிட்ட கையோடு ஒன்றை எடுத்துப் போட்டுவிடுவார். மூன்று வருடம் அப்படி. கர்ப்பம் தரித்ததும் ஒரு வசதி கிடைத்தது. கர்ப்பிணி ஒருவர் குளிசை போடுவதை யார் கேட்கப்போகிறார்கள்? லேபலை உரித்துவிட்டு, எங்கள் போத்தலையும் சத்துக் குளிசைகளோடு பைக்குள் வைத்துவிட்டார். தாயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, 'குளிசையப் போட்டுட்டுப் படு மகள்' என்று சொல்லும் நிலைமை. மூன்று வருடத்துக்குப் பிறகு ஒளிக்காமல் போட்ட முதல் குளிசை என்று சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார்.

இரும்புச்சத்தை வெறும் வயிற்றில், படுக்கப் போகும்போது, விற்றமின் சியோடு போடவேண்டும் என்று மிட்வைஃப் சொல்லியிருந்தார். சரியான ஆலோசனை, இரும்பு அப்படித்தான் நன்றாக உறிஞ்சப்படும். ஆறரை மணிக்கு இரவுச் சாப்பாடு. ஒன்பதரைக்கு இரும்பு, விற்றமின் சி, எங்கள் குளிசை மூன்றும் ஒரே மடக்கில். ஏழாம் மாதம் தொடங்கியதிலிருந்து நெஞ்செரிவு. அதற்காக அந்த வெள்ளைத் தண்ணியும் அதே நேரத்தில் இரண்டு கரண்டி. கல்சியம் காலையில். அது தனியாக இருந்தது, நல்ல காலம்.

வயிற்றில் நடந்தது

மக்னீசியத்தைக் கவ்வும் அந்தக் கொடுக்கு எந்த மக்னீசியம், எங்கே இருக்கிற மக்னீசியம் என்று பார்ப்பதில்லை. இரும்பு, கல்சியம், அலுமினியம் போன்ற உலோக அயன்களையும் அது கவ்வும். கவ்விய நிலையில் குடல் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் போகாது. நொதியத்தில் மருந்தை மருந்தாக்கும் அதே பிடிதான் வயிற்றில் அதைக் கட்டிப்போடுகிறது.

எவ்வளவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நோயில்லாத ஆட்களில் அளந்தபோது, வெறும் வயிற்றில் இரும்போடு சேர்த்துப் போட்டால் இரத்தத்துக்குப் போகும் டொலுடெக்ராவிரின் மொத்த அளவு 54 சதவீதம் குறைந்தது. கல்சியத்தோடு 39 சதவீதம். அலுமினியமும் மக்னீசியமும் உள்ள நெஞ்செரிவு மருந்தோடு 74 சதவீதம். சாப்பாட்டோடு போட்டால் இரும்பும் கல்சியமும் செய்யும் கெடுதல் பெரும்பாலும் இல்லாமல் போகிறது. நெஞ்செரிவு மருந்துக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னதாகவோ, ஆறு மணித்தியாலம் பின்னதாகவோ டொலுடெக்ராவிரைப் போடவேண்டும்.

இது ஒன்றும் இரகசியமில்லை. மருந்தோடு வரும் விபரத்தாளிலேயே இருக்கிறது. எனக்கும் தெரியும். மற்றவர்களுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன்!

அப்படியென்றால் ஏன் வைரஸ் ஆயிரத்துக்கு மேல் போகவில்லை? டெனோஃபோவிரும் லமிவுடினும் இந்தப் பிடிக்குள் அகப்படுவதில்லை. அவை கலத்துக்குள் போய்த் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன. பெட்டிகள் கொளுவப்படாமல் நின்றுகொண்டுதான் இருந்தன, தைக்கும் இடத்தில் மட்டும் காவல் தளர்ந்திருந்தது. இதை நிரூபிக்க என்னிடம் வழியில்லை. இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை நாங்கள் செய்யவில்லை. கர்ப்பத்தின் பிற்பகுதியில் உடல் இந்த மருந்தைக் கொஞ்சம் கூடுதலாக வெளியேற்றும் என்பதும் சேர்ந்திருக்கலாம். வேறு எதுவும் பொருந்தவில்லை என்பதாலும், பின்னால் நடந்ததாலும்தான் இந்த முடிவுக்கு வந்தோம்.

பயம் எங்கே என்றால், ரிவேர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் எழுதிய பிழையைத் திருத்தத் தெரியாத எழுத்தர். அடங்காத தொற்றில் நாளொன்றுக்கு 1000 கோடி அளவில் வைரஸ்கள் உருவாகின்றன, ஒவ்வொரு சுற்றிலும் எழுத்துப்பிழைகள். அந்த நொதியத்தின் 184ஆவது இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினால் போதும், லமிவுடின் பெருமளவு செல்லாக்காசாகிவிடும். அரைகுறை மருந்துக்கு நடுவில் வைரஸ் பெருகுவதை நாங்கள் வெறுப்பது அதற்காகத்தான்.

எடுத்த முடிவுகள்

மருந்தை மாற்றுவதா என்று முதலில் கதைத்தோம். ஒரு சக ஊழியர் 2018இல் பொட்ஸ்வானாவிலிருந்து வந்த எச்சரிக்கையை நினைவுபடுத்தினார். கருத்தரிக்கும் காலத்தில் டொலுடெக்ராவிர் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் முள்ளந்தண்டுக் குறைபாடு கூடலாம் என்ற சந்தேகம் அது. மேலதிக தரவுகள் வந்தபோது அந்தப் பயம் தணிந்து, 2019இலேயே உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தை எல்லோருக்கும் முதல் தெரிவாகப் பரிந்துரைத்தது. தவிர, இது முப்பத்தோராவது வாரம். அந்தக் கேள்விக்குரிய காலம் எப்போதோ கடந்துவிட்டது. வைரஸ் எளிதில் எதிர்ப்பு வளர்க்க முடியாத மருந்துகளில் டொலுடெக்ராவிர் முன்னணியில் இருக்கிறது. நேரத்தை மாற்றினால் தீரக்கூடிய ஒன்றுக்காக அதைக் கைவிட வைத்தியர் விரும்பவில்லை.

வைரஸின் எதிர்ப்பைக் கண்டறியும் மரபுவரிசைப் பரிசோதனைக்கு 780 என்பது குறைவான அளவு. அதைத் தள்ளிவைத்தோம்.

நேர அட்டவணையை நான் எழுதித் தந்ததும் அவர் மறுத்துவிட்டார். நான் மதியம் என்று போட்டிருந்தேன். மதியம் எங்கள் போத்தலைத் திறந்தால் தாய் கேட்பார் என்றார். பிறகு அவரே சொன்னது: காலைச் சாப்பாட்டோடு எங்கள் குளிசை, மதியம் கல்சியம், இரவு இரும்பும் விற்றமின் சியும், நெஞ்செரிந்தால் இரவில் மட்டும் தண்ணி மருந்து. காலை ஏழுக்கும் இரவு ஒன்பதுக்கும் இடையில் பதினான்கு மணித்தியாலம், அங்கிருந்து மறுநாள் ஏழுக்குப் பத்து. என் அட்டவணையை விட நல்லது. சாப்பாட்டோடு என்றால் கல்சியத்தையும் காலையிலேயே சேர்க்கலாம். ஆனால் பசியில்லாமல் வெறும் தேத்தண்ணியோடு நிற்கும் காலையும் வரும் என்பதால் பிரித்தே வைத்தோம்.

மிட்வைஃபிடம் சொல்ல அனுமதி கேட்டோம். தரவில்லை. அதே கிராமம், அவருடைய மாமி முறை. வற்புறுத்தவில்லை.

முப்பத்தாறாவது வாரத்துக்குள் வைரஸ் அடங்காவிட்டால் என்ன செய்வது என்பதையும், சிசேரியன் உட்பட, மகப்பேற்று வைத்தியரோடு பேசி எழுதிவைத்தோம்.

பின்னர்

முப்பத்தைந்தாவது வாரத்து மாதிரியில் வைரஸ் கண்டறியப்படவில்லை. குளிசை மாறவில்லை, அளவு மாறவில்லை, கடிகாரம் மட்டும் மாறியிருந்தது. முடிவைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்து, 'இப்ப நம்புறீங்களா மிஸ்?' என்றார். மன்னிப்புக் கேட்டேன். கேட்டிருக்கவேண்டியது ஐந்து வாரத்துக்கு முன்.

முப்பத்தொன்பதாவது வாரத்தில் சுகப்பிரசவம். பெண்பிள்ளை. பிறந்த அன்றிலிருந்து ஆறு கிழமைக்குப் பிள்ளைக்குத் தடுப்பு மருந்து கொடுத்தோம். பிறந்தபோதும் ஆறாவது கிழமையிலும் அதற்குப் பிறகும் எடுத்த பரிசோதனைகளில் தொற்று இல்லை. பதினெட்டாம் மாதத்து இறுதிப் பரிசோதனையிலும் இல்லை. பாலூட்டுவது பற்றி வைத்தியர் இருவரோடும் நீண்ட நேரம் பேசினார், அவர்கள் பால்மாவைத் தெரிந்தார்கள். 'பால் ஏன் கொடுக்கல்ல' என்ற கேள்வியைத் தாயிடமும் அயலிடமும் எப்படிச் சமாளித்தார் என்பது தனியாக எழுதவேண்டிய கதை.

நாங்கள் மாற்றியவை

படிவத்தில் 'வேறு மருந்துகள்' என்ற வரியை அடித்துவிட்டு, 'குளிசை, சத்து, தண்ணி மருந்து, நாட்டு மருந்து, கடையில் வாங்கியது' என்று கையால் எழுதி ஒட்டினோம். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே பையோடு வரச்சொல்கிறோம். கர்ப்பிணி கிளினிக்கில் எந்த வாரம் எந்தக் குளிசை தொடங்கும் என்று எங்களுக்குத் தெரியும்தானே. அந்தப் பட்டியலை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நேர அட்டைகளில் நோயின் பெயரோ மருந்தின் பெயரோ இல்லை, சூரியனும் சந்திரனும் சாப்பாட்டுக் கோப்பையும் மட்டும். நெஞ்செரிவு மருந்தை எங்கள் வைத்தியரிடம் கேட்டு எடுக்கச் சொல்கிறோம். அதை எல்லோரும் கேட்பார்கள் என்று நான் நம்பவில்லை, பாமசி வீட்டுக்குக் கிட்ட இருக்கிறது.

குளிசை எண்ணுவதை விடவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தால் அதோடு வாயை மூடிக்கொள்கிறேன்.

பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் சத்துக் குளிசைகள் முடிந்தன. பைக்குள் எங்கள் போத்தல் தனியாக நின்றது. தனியாக ஒரு போத்தல் என்றால் தாய் கேட்பார். போன முறை வந்தபோது எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பழையபடி தையல் மெசின் லாச்சிக்குள். மதியம், சாப்பிட்ட கையோடு, தாய் கண்ணயர்ந்த பிறகு.